மழைநீர் வடிகாலில் கழிவு கலப்பதைப் பார்த்தால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதி வடிகால்களைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வக் குழு ஒன்றில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். வடிகாலில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் அக்கம்பக்கத்தில் பலர் எனக்குத்தான் போன் செய்வார்கள். பாதிப் பேர் "இதைப் போய் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, அதான் உங்களிடம்..." என்றே தொடங்குவார்கள். சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். சட்டமும் துறைகளின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அவற்றுக்குள் அதிகம் போகவில்லை.

மழைநீர் வடிகாலும் சாக்கடையும் ஒன்றுதானே? எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே போகுது?

பெரும்பாலான நகரங்களில் இரண்டும் தனித்தனி. கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சாலையோரம் கம்பி மூடி போட்டிருக்கும் திறப்பு மழைநீர் வடிகாலுடையது. அதில் விழும் தண்ணீர் நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். நடுவில் குப்பையைப் பிடிக்க ஒரு வலையோ, மணல் படிய ஒரு தொட்டியோ இருந்தால் பெரிய விஷயம். கரைந்த சோப்பும் பெயின்ட்டும் எண்ணெயும் அவற்றில் நிற்காது.

சில பழைய நகரங்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும். கனமழை பெய்தால் குழாய் தாங்காமல் இரண்டும் கலந்து ஆற்றில் வழியும். லண்டனில் அந்த வழிசலைப் பிடிப்பதற்காகவே தேம்ஸ் ஆற்றையொட்டி சுமார் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் தோண்டி, 2025இல் முழுவதுமாக இணைத்தார்கள். உங்கள் ஊர் எந்த வகை என்று தெரியாவிட்டால், சாலையோர வடிகாலில் போவது அப்படியே ஆற்றுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும்.

எதையெல்லாம் புகாராகச் சொல்லலாம்?

மழைத்தண்ணீரைத் தவிர வேறு எது உள்ளே போனாலும் சொல்லலாம். பழைய என்ஜின் ஆயில், பெயின்ட், தின்னர், சிமென்ட் பால், வாகனம் கழுவிய நுரை, கட்டட வேலையின் சேறு, நீச்சல் குளத்தின் குளோரின் தண்ணீர், கழிவுநீர் லாரி இரவோடு இரவாகக் கொட்டுவது, பாதாளச் சாக்கடை பொங்கி வடிகாலில் வழிவது எல்லாம் இதில் வரும். இலைச் சருகையும் வெட்டிய புல்லையும் மூட்டை மூட்டையாகத் தள்ளுவதும் சேர்த்தி. அவை அடைப்பதோடு நிற்பதில்லை, தண்ணீரில் அழுகி அதிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடும்.

தோட்டத்துக்குப் பாய்ச்சிய தண்ணீர் வழிவது, ஏசியிலிருந்து சொட்டுவது, நிலத்தடி ஊற்று வடிகாலுக்குள் கசிவது ஆகியவற்றைப் பொதுவாக மாசாகக் கருதுவதில்லை. ஆனால் ஊற்றா கழிவா என்று பார்த்த உடனே சொல்ல முடியாத இடங்கள் உண்டு. கீழே அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கொஞ்சம் சோப்புத் தண்ணீர், கொஞ்சம் சிமென்ட் தண்ணீர். இதுக்கெல்லாமா புகார் கொடுப்பாங்க?

சிமென்ட் பாலை எடுத்துக்கொள்வோம். கலவை இயந்திரத்தைக் கழுவி விடும்போது வெள்ளையும் சாம்பலுமாக ஓடுமே, அதுதான். காரத்தன்மையை அளக்கும் பிஎச் அளவில் நல்ல தண்ணீர் 7. சிமென்ட் பால் 12க்கு மேல். அந்த அளவில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், ஐந்து எண் வித்தியாசம் என்றால் லட்சம் மடங்கு. கையில் வெகுநேரம் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துபோகும். சின்ன ஓடையில் அது கலந்தால் மீனின் செவுள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பார்க்கச் சாதாரண வெள்ளைத் தண்ணீராக இருப்பதால்தான் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

சோப்பு அவ்வளவு கொடூரம் இல்லை. ஆனாலும் செவுளின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை அது அரிக்கும். ஒரு வீட்டில் ஒரு நாள் ஊற்றிய ஒரு வாளியைப் பற்றி யாரும் நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். தினமும் இருபது வண்டி கழுவும் இடத்திலிருந்து வருகிறது என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

பாட்டிலில் 'மக்கும் தன்மை உள்ளது' என்று போட்டிருக்கே?

மக்குவதற்கு நாளாகும், நுண்ணுயிரிகள் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். வடிகாலிலிருந்து ஓடைக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகாத இடங்களில், மக்கும் வேலை முழுவதும் ஓடையில்தான் நடக்கும். அங்கிருக்கும் ஆக்சிஜனைத்தான் அது எடுத்துக்கொள்ளும். செடி மண்ணில் ஊற்றினால் அந்த லேபிளுக்கு அர்த்தம் உண்டு.

யாரிடம் சொல்லணும்?

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், அதாவது பெட்ரோல் வாடை, கண் எரிச்சல், மூச்சுத் திணறல், உருண்டு கிடக்கும் ரசாயன டிரம் போன்றவை இருந்தால், முதல் அழைப்பு தீயணைப்புத் துறைக்கோ அவசர எண்ணுக்கோதான். மற்றவற்றை ஊரின் வடிகாலைப் பராமரிக்கும் உள்ளாட்சி அமைப்பிடம் சொல்ல வேண்டும். தொழிற்சாலை சம்பந்தப்பட்டது என்று தெரிந்தால் சுற்றுச்சூழல் துறைக்கும் சேர்த்துச் சொல்வது நல்லது.

"இது எங்கள் வேலை இல்லை" என்ற பதில் வரக்கூடும். சாலை ஒரு துறை, வடிகால் ஒரு துறை, கால்வாய் இன்னொரு துறை என்றிருக்கும் ஊர்களில் இது சகஜம். அப்போது கோபப்படாமல் "யாருடைய வேலை, அவர்கள் எண் என்ன?" என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை சரியான எண் கிடைத்துவிட்டால் போனில் 'வடிகால்' என்றே பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். அவசரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

போன் செய்தால் என்னவெல்லாம் கேட்பாங்க? எனக்குச் சரியாகச் சொல்ல வருமா?

எனக்கு வந்த ஒரு அழைப்பைச் சொல்கிறேன். "தண்ணி ரொம்ப அசிங்கமா இருக்கு, வந்து பாருங்க." எங்கே என்று கேட்டால் "பள்ளிக்கூடம் பக்கம்." அங்கே மூன்று தெரு, பதினொரு வடிகால் மூடி. நான் எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதற்குள் எல்லாம் ஓடிப்போய்விட்டது, ஈரம்தான் மிச்சம்.

இன்னொருவர் சொன்னது இப்படி: "பள்ளிக்கூடத்தின் பின்வாசல் எதிரே, விளக்குக் கம்பம் எண் 14 பக்கத்து மூடி. இப்போது மணி 10:20. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தண்ணீர், வாடை இல்லை, கைவிரல் கனத்துக்கு விடாமல் ஓடுகிறது. கட்டடம் கட்டும் பக்கமிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்க்கவில்லை." இதை வைத்துக்கொண்டு ஒருவர் நேராக வண்டியை எடுத்துவிடலாம். இடம், நேரம், நிறம், வாடை, அளவு, இன்னும் ஓடுகிறதா நின்றுவிட்டதா, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பவை போதும். அதில் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பார்த்ததையும் பார்க்காததையும் அவர் பிரித்துச் சொன்னார். விசாரிக்கப் போகிறவருக்கு அது பெரிய உதவி.

போட்டோ எடுக்கும்போது கிட்டத்தில் ஒன்று, சற்றுத் தள்ளி நின்று சுற்றுப்புறம் தெரிய ஒன்று என எடுங்கள். கிட்டத்துப் படத்தை மட்டும் பார்த்து அது எந்த வடிகால் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் ஓடுகிறது என்று காட்டப் பத்து நொடி வீடியோ இன்னும் நல்லது.

அது என்ன திரவம் என்றே எனக்குத் தெரியலை. தெரியாமல் எப்படிப் புகார் சொல்வது?

தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பெயர் வைக்காமல் விவரிப்பதுதான் நல்லதும்கூட. "ஆசிட் ஓடுகிறது" என்று சொல்லி அது சுண்ணாம்புத் தண்ணீராக இருந்தால், வருகிறவர் தவறான ஏற்பாட்டோடு வருவார். "மஞ்சள் நிறம், மூக்கைத் துளைக்கும் வாடை, லேசாகப் புகைகிறது" என்றால் அவரே முடிவு செய்துகொள்வார்.

இப்போ ராத்திரி ஆயிடுச்சு. நாளைக்குக் காலையில் சொன்னால் போதாதா?

வடிகாலில் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 3.6 கிலோமீட்டர் போய்விடும். எட்டு மணி நேரம் கழித்து அது எங்கே இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால்தான் அதன் வழியே எதிர்த்திசையில் நடந்து மூலத்தைப் பிடிக்க முடியும். நின்றுபோன பிறகு வந்தால் கறையும் வாடையும்தான் சாட்சி.

இரவு நேர அழைப்பை எடுப்பார்களோ மாட்டார்களோ என்று தயங்க வேண்டாம். அழைத்த நேரம் பதிவாகும். யாரும் எடுக்காவிட்டாலும் போட்டோ எடுத்து, நேரத்தோடு அப்போதே செயலியிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

தண்ணீர் மேல் வானவில் மாதிரி மினுமினுக்குது. எண்ணெய்தானே?

எண்ணெயாகவும் இருக்கலாம், இரும்பைத் தின்னும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றுபோலவே மினுங்கும். நீளமான குச்சியால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். பாக்டீரியாப் படலம் என்றால் கண்ணாடிச் சில்லு மாதிரி கோணல் கோணலாக உடைந்து, உடைந்தபடியே நிற்கும். எண்ணெய் என்றால் சுழன்று நெளிந்து, குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றாகக் கூடிவிடும். பாக்டீரியா இருக்கும் இடத்தில் துரு நிறத்தில் வழுவழுப்பாகச் சேறும் படிந்திருக்கும். அது அருவருப்பாக இருந்தாலும் இயற்கையானது.

முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது, படலம் சில்லுச் சில்லாக நின்றதைப் பார்த்து வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு குச்சியே பரிசோதனைக்கூடம்! வாடையோடு சேர்ந்த மினுமினுப்பு என்றால் மட்டும் குச்சியோடு நிற்க வேண்டாம், கீழே பெட்ரோல் கேள்வியைப் பாருங்கள்.

நுரை வந்தால் கெமிக்கல்தானே?

எல்லா நுரையும் இல்லை. அழுகிய இலை தழைகளிலிருந்து வரும் பொருள்களும் நுரைக்கும். அது பழுப்பு கலந்த வெள்ளையாக, மண் வாடையோடு, தண்ணீர் விழுந்து அடிக்கும் இடத்தில் சேரும். சோப்பு நுரை பளிச்சென்ற வெள்ளை, பெரும்பாலும் வாசனைத் திரவிய வாடை இருக்கும், ஓரிடத்திலிருந்து தொடங்கும். குழப்பமாக இருந்தால் நுரை தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். வடிகால் குழாயின் வாயிலிருந்தே நுரைத்துக்கொண்டு வந்தால் சொல்லிவிடலாம்.

பளிச்சென்று பச்சைத் தண்ணீர் ஓடுது! பயமா இருக்கு.

மின்னுகிற பச்சை என்றால் அது குழாய் எங்கே போகிறது என்று சோதிக்க ஊற்றும் சாயமாக இருக்கலாம். ஃபுளோரசீன் என்று பெயர். சோதனைக்குப் பயன்படுத்தும் அளவில் தீங்கில்லாதது, நீர்வளத் துறைகள் காலங்காலமாகப் பயன்படுத்துவது. அதே பச்சையில் வாகனங்களின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டும் உண்டு. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு, நாய்கள் அதை நக்கிக் குடித்துச் செத்துப்போகின்றன. உங்கள் வளர்ப்பு நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இரண்டில் எது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். போன் செய்தால், சோதனை நடக்கிறது என்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மழையே பெய்யலை. ஆனா வடிகாலில் தண்ணீர் ஓடிக்கிட்டே இருக்கு. இதுவும் புகாரா?

ஆமாம், நல்ல புகார்களில் இதுவும் ஒன்று. மழை நின்று இரண்டு மூன்று நாள் ஆன பிறகும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். குடிநீர்க் குழாய் உடைந்திருக்கலாம், நிலத்தடி ஊற்றாக இருக்கலாம், யாரோ தங்கள் கழிவறைக் குழாயை வடிகாலில் இணைத்திருக்கலாம். வடிகால்களைச் சோதிப்பவர்கள் வறண்ட நாளாகப் பார்த்து வருவதும் இதற்காகத்தான். மழை நாளில் எல்லாம் கலந்துவிடும், வறண்ட நாளில் ஓடுவது தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும்.

கவனிக்க வேண்டியது ஓட்டத்தின் நேரம். காலையிலும் மாலையிலும் அதிகமாகி, நடுவில் குறைந்தால் அது வீடுகளின் பழக்கத்தோடு ஒத்துப்போகிறது, அதாவது வீட்டுக் கழிவுநீர். வேலை நாளில் ஓடி விடுமுறையில் நின்றால் தொழிற்கூடம். இரவும் பகலும் ஒரே சீராக ஓடினால் ஊற்றோ உடைந்த குழாயோ. மூன்று நாள் பார்த்து எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

வடிகாலிலிருந்து பெட்ரோல் வாடை வருது. ஓடைக்குக் கெடுதல், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழாய்க்குள் தங்கி, குழாய் போகும் இடமெல்லாம் பரவும். ஒரு பொறி பட்டால் போதும்.

மெக்சிகோவின் குவாதலஹாராவில் 1992 ஏப்ரலில், நிலத்தடி பெட்ரோல் குழாய் அரித்து ஓட்டையாகி, பெட்ரோல் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கியது. தெருவில் பெட்ரோல் வாடை வருகிறது என்று மக்கள் நாள்கணக்கில் புகார் சொன்னார்கள். ஏப்ரல் 22ஆம் தேதி காலை தெருக்கள் வரிசையாக வெடித்தன. பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை பிளந்து, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மக்கள் சொன்ன நேரத்தில் தெருக்களைக் காலி செய்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்.

எனவே வாடை வந்தால் புகைபிடிப்பவரை நிறுத்தச் சொல்லுங்கள், அந்த இடத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், தள்ளிப்போய் நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் தரை வடிகாலிலிருந்து வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியேறுங்கள்.

மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாமா? பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைக்கலாமா?

மூடியைத் திறக்கக் கூடாது. குழிக்குள் இறங்குவதை நினைத்தே பார்க்கக் கூடாது. அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கை மரத்துப்போக வைக்கும். வாடை நின்றுவிட்டது, இனி பரவாயில்லை என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். ஒருவர் மயங்கி விழுந்து, காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் விழுந்த சம்பவங்கள் உலகமெங்கும் நடந்திருக்கின்றன.

மாதிரி பிடிப்பதும் தேவையில்லை. கழுவாத பாட்டிலில் பிடித்த தண்ணீர் சோதனைக்கு உதவாது. யார் எப்போது எடுத்தார், யார் கையில் இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால் வழக்கிலும் நிற்காது. உங்கள் கண்ணும் போனும் போதும்.

நானே தடுத்து நிறுத்தலாமா? தண்ணீரை அடித்துக் கழுவி விட்டால் போச்சே?

தண்ணீர் அடிப்பதுதான் செய்யவே கூடாத காரியம். கொட்டியதை வடிகாலுக்குள் நீங்களே தள்ளிவிடுகிறீர்கள்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள் என்றால், உதாரணமாகக் கொட்டிய என்ஜின் ஆயிலோ பெயின்ட்டோ, மணலையோ மரத்தூளையோ கரை மாதிரி போட்டு வடிகால் வாய்க்கு முன்னால் தடுக்கலாம். ஊறிய பிறகு அள்ளிப் பையில் கட்டுங்கள். வடிகால் மூடியின் மேல் ரப்பர் பாயோ தடித்த பிளாஸ்டிக்கோ போட்டு, சுற்றி மணல் மூட்டை வைப்பதும் உதவும். பொருள் என்னவென்று தெரியாவிட்டால் கிட்டே போகாமல் தள்ளி நில்லுங்கள்.

பக்கத்துக் கிடங்கில் தீ. அணைக்க அடிக்கிற தண்ணீர் வடிகாலில் போகுது. அது வெறும் தண்ணீர்தானே?

கிடங்கில் என்ன இருந்ததோ அது எல்லாம் அந்தத் தண்ணீரில் இருக்கும். 1986 நவம்பர் 1 அதிகாலை, சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிமருந்துகளையும் சாயத்தையும் வாரிக்கொண்டு வடிகால் வழியே ரைன் நதியில் இறங்கியது. நதி சிவப்பாக ஓடியது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ரசாயனக் கிடங்குகளில் தீயணைப்பு நீரைத் தேக்கிவைக்கத் தனித் தொட்டி வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகுதான் பரவலாக வேரூன்றியது.

உங்கள் வேலை தீயணைப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்வது மட்டும்: "தண்ணீர் இந்த வடிகாலில் இறங்குகிறது, இது ஓடைக்குப் போகும்." அவர்கள் தீயில் கவனமாக இருப்பார்கள், இது கண்ணில் படாமல் போகலாம்.

என் பெயரைச் சொல்லியே ஆகணுமா? பக்கத்து வீட்டுக்காரர் தப்பா நினைப்பாரே.

பல ஊர்களில் பெயர் சொல்லாமல் புகார் செய்யலாம். ஆனால் பெயர் தராவிட்டால் உங்களைத் திரும்பக் கூப்பிட்டு "எந்தப் பக்கம்?" என்று கேட்க முடியாது. நடுவழி ஒன்று இருக்கிறது: எண்ணைக் கொடுத்துவிட்டு, "என் விவரத்தை வெளியே சொல்ல வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். பதிவில் அது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

புகாரில் ஆளைக் குறிப்பிடாமல் இடத்தைக் குறிப்பிடுவதும் உங்களைக் காக்கும். "அவர் கொட்டுகிறார்" என்பதைவிட "இந்த மூடிக்குள் இந்த நிறத்தில் போகிறது" என்பது யாராலும் மறுக்க முடியாத வாக்கியம்.

முதலில் அவரிடமே நேரில் பேசிப் பார்க்கலாமா?

தெரிந்தவர், சின்ன விஷயம் என்றால் அதுதான் சிறந்த வழி. எங்கள் தெருவில் ஒருவர் பெயின்ட் பிரஷ்களை வடிகால் மூடியின் மேல்தான் கழுவிக்கொண்டிருந்தார். "இது நேரா ஓடைக்குப் போகுதுங்க" என்று சொன்னேன். கையில் பிரஷ்ஷோடு சிறிது நேரம் மூடியையே பார்த்தார். "சாக்கடைன்னு நெனச்சேன்" என்றார். அன்றிலிருந்து வாளியில் கழுவுகிறார். பலர் தெரியாமல்தான் செய்கிறார்கள்.

தொழிற்கூடம், லாரி, இரவு நேரம், முன்பின் தெரியாத ஆட்கள் என்றால் நெருங்கவே வேண்டாம். வண்டி எண்ணைத் தூரத்திலிருந்து குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அவர்கள் இடத்துக்குள் நுழைந்து படம் எடுக்கவும் வேண்டாம், பொது இடத்தில் நின்றபடி தெரிவது போதும்.

புகார் கொடுத்தேன். வந்து பார்த்துட்டு 'ஒண்ணும் இல்லை'ன்னு மூடிட்டாங்க. இனி என்ன?

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் வந்தபோது நிஜமாகவே ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். மேலே சொன்ன வேகக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள். அடுத்த முறை ஓடும்போது அதே எண்ணைச் சொல்லி "மறுபடி வந்திருக்கிறது" என்று பதியுங்கள். ஒரே இடத்தில் நான்கு பதிவு சேர்ந்தால், அது ஒரு நாள் சம்பவம் என்ற நிலையிலிருந்து தொடர் பிரச்சினை என்ற நிலைக்கு மாறும். அதிகாரிகள் அதை வேறு விதமாகவே கையாளுவார்கள்.

பூமிக்கு அடியில் போகும் குழாயில் யார் கலக்கிறார்கள் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பாங்க?

எளிய வழி மேன்ஹோல் மேன்ஹோலாக மேல்நோக்கிப் போவது. ஒரு மேன்ஹோலில் அழுக்குத் தண்ணீர், அதற்கு அடுத்த மேல் மேன்ஹோலில் தெளிந்த தண்ணீர் என்றால், கலப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். பிறகு அந்த நீளத்தில் எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனையையும் சந்தேகிக்கலாம். வீட்டுக் கழிவறையில் சாயம் ஊற்றி, அது வடிகாலில் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். குழாய்க்குள் புகை ஊதி எந்தக் கூரைக் குழாயில் வெளிவருகிறது என்று பார்ப்பதும், சக்கரம் வைத்த கேமராவை உள்ளே அனுப்புவதும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது பஞ்சு வழி. துணி சோப்புத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்ட ஒளிரும் பொருள் ஒன்று சேர்க்கிறார்கள். சாதாரணப் பஞ்சைக் கம்பி வலைக்குள் வைத்து வடிகாலில் சில நாள் கட்டிவிட்டு, எடுத்து உலர்த்தி, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால், துணி துவைத்த தண்ணீர் கலந்திருந்தால் பஞ்சு நீலமாக ஒளிரும். கழிவு அந்தக் குறிப்பிட்ட நேரத்தில் ஓடாவிட்டாலும் பஞ்சு அதை நினைவில் வைத்திருக்கும்.

மழை பெய்யும்போது மட்டும் திறந்து விடுறாங்க. மழையில் எல்லாம் கலங்கலாத்தான் இருக்கும். எப்படி நிரூபிக்கிறது?

இது கடினமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி உண்டு. அதே மழையில், அந்த இடத்துக்கு மேலே இருக்கும் வடிகால் வாயையும் கீழே இருப்பதையும் அடுத்தடுத்துப் படம் எடுங்கள். மேலே செம்மண் நிறம், கீழே கறுப்பு என்றால் வித்தியாசம் மழையினால் வந்ததில்லை. மழை எப்போது தொடங்கியது, நிறம் எப்போது மாறியது என்பதையும் எழுதுங்கள். மழை நின்று சாலை வற்றிய பிறகும் அந்த ஒரு குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

நான்தான் தெரியாமல் கொட்டிட்டேன். சொன்னால் எனக்கே அபராதம் போட்டுடுவாங்களே?

அபராதம் இருக்கலாம், ஊரைப் பொறுத்தது. ஆனால் உடனே சொன்னவரையும் மறைத்தவரையும் பெரும்பாலும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. முக்கியமாக, என்ன பொருள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். டப்பாவையும் லேபிளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். சுத்தம் செய்ய வருபவர்களின் கண்ணும் தோலும் அந்தத் தகவலை நம்பித்தான் இருக்கிறது.

யாருமே எதையும் கொட்டலை, ஆனாலும் மழைக்குப் பிறகு ஓடையில் மீன் சாகுது. யார் மேல் புகார் சொல்றது?

யார் மேலும் இல்லாமல், மீன் செத்ததையே புகாராகச் சொல்லுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் இலையுதிர்கால மழைக்குப் பிறகு கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்துக்கொண்டிருந்தன. ஆண்டுக்கணக்கில் காரணம் புரியவில்லை. வாகன டயர் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோன் ஆகிறது, டயர்த் தேய்மானத்தோடு சாலையிலிருந்து வடிகால் வழியே ஓடைக்குப் போய் மீனைக் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து அறிவித்தார்கள். எத்தனை மீன், எந்த நாள், எந்த மழைக்குப் பிறகு என்று பலரும் பார்த்து எழுதி வைத்திருந்ததால்தான் தேடவே தொடங்கினார்கள்.

மீன் செத்தால் எண்ணிக்கை, அளவு, நேரம் குறியுங்கள். சாகும் முன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவா என்பது முக்கியம். அது ஆக்சிஜன் குறைவுக்கான அடையாளம். கையால் தொட வேண்டாம், எடுத்துப் போகவும் விடாதீர்கள்.

ஒரே வடிகாலைப் பற்றி ஏழாவது தடவையா சொல்லப் போறேன். சலிச்சுப் போகுது. இன்னும் சொல்லணுமா?

சொல்லுங்கள். ஏழு புகார் எண்ணையும் தேதியோடு ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் சேர்த்து, துறையின் மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். அதே வடிகால் ஓரத்தில் இருக்கும் மற்ற வீட்டாரையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். ஒரு கடிதத்தில் இருபது கையெழுத்தைவிட இருபது தனிப் புகார் எண் நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு எண்ணுக்கும் யாரோ ஒருவர் பதில் எழுதி முடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

நாளைக்கு வறண்ட நாள் என்றால், காலையில் ஒரு தடவை போய் அந்தக் குழாய் வாயைப் பாருங்கள். ஓடுகிறதா, என்ன நிறம், மணி எத்தனை. எட்டாவது புகாரை அதிலிருந்து தொடங்கலாம்.